தாய்மொழி கன்னடம் என்று எழுதச் சொன்னார்கள், தம்பி

என் சண்டைக்காரத் தம்பி சேகருக்கு,

நல்லா இருக்கியா என்று தொடங்கத்தான் கை போகிறது. செத்தவனிடம் என்ன நலம் விசாரிப்பது? ஆனாலும் உன்னிடம் பேசாமல் எனக்கு முடியவில்லை. இதை நாலு பேர் படிக்கிற மாதிரியேதான் எழுதுகிறேன். உனக்குக் கேட்கிறதோ இல்லையோ, கேட்க வேண்டியவர்கள் காதில் விழட்டும்.

நீ போனது தை மாதம். கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக உன்னைக் கொண்டுவந்து நம் கொல்லை ஓரத்திலேயே அடக்கம் செய்தோம். அந்த ஊரில் தனியாகக் காலம் தள்ள முடியாது என்று சுமதி மகளைக் கூட்டிக்கொண்டு பொம்மிடிக்கே வந்துவிட்டாள். இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறார்கள், என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி. சுமதி புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறாள். நான் எப்போதும் போல ஸ்டேஷன் ரோட்டில் ஜாக்கெட் தைக்கிறேன், ஊர்ச் சண்டை எல்லாம் பார்க்கிறேன்.

இப்போது சொல்ல வந்தது உன் மகள் மலர்விழியைப் பற்றி. அவளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் தையல் கோணிப் போகிறது. துக்கத்தில் இல்லை. கோபத்தில்.

பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானும் சுமதியும் மலரைக் கூட்டிக்கொண்டு போனோம். பெயரைச் சொல்லி யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு இஷ்டமில்லை. தலைமை ஆசிரியை நல்ல மாதிரியாகத்தான் உட்காரச் சொன்னார். தமிழ்ப் புத்தகத்தை எடுத்து மலரிடம் கொடுத்து, படி என்றார். அவள் எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, திக்கித் திக்கி ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் அந்த அம்மா இரண்டு முறை மணியைப் பார்த்துவிட்டார். பிறகு நாலு வரி சொல்லி எழுதச் சொன்னார். தப்பு இல்லாத வரி ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, வூட்டுல தமிழ்தானே பேசறீங்க? தமிழ்ப் புள்ளங்கறீங்க, தமிழ் எழுத வரலியே."

"பெங்களூர்ல படிச்ச புள்ளங்க இவ. அங்க கன்னடம், இங்கிலீஷ், இந்திதான் இருந்துச்சு" என்றேன்.

"அப்பா வூட்டுலயே சொல்லிக் குடுத்திருக்கலாமே."

எனக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொடுக்கிறவனா நீ வீட்டில் உட்கார்ந்திருந்தாய்? விடிவதற்குள் போனால் இருட்டியபின் வருவாய், சிமெண்ட் அரித்த விரலோடு. ஞாயிற்றுக்கிழமை சிலேட்டை எடுப்பாய், மேஸ்திரி போன் வரும், சிலேட்டை வைத்துவிட்டுப் போவாய். அவளுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் ஊருக்கு வரும்போது பஸ் போர்டையும் கடை போர்டையும் பார்த்துப் படித்ததுதான். பக்கத்தில் சுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்றேங்க, தப்பா எடுத்துக்காதீங்க. தாய்மொழி கன்னடம்னு எழுதிக் குடுத்துடுங்க. வெளி மாநிலத்துப் புள்ள, தமிழ்ப் பரீட்சைக்கு விலக்கு வேணும்னு மேல எழுதிக் கேட்டுப் பாக்கறேன். இல்லாட்டி நாளைக்குப் பத்தாவதுல இவ தமிழ்ல போயிட்டா, என்னைத்தான் கூப்புட்டு நிக்க வெச்சுக் கேப்பாங்க."

"அப்ப எங்க தம்பி யாருங்க?"

"அட, பேப்பர்லதானேம்மா."

பேப்பரில்தானே. இந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை, சேகர். அம்மா வைத்த வசவு, நீ போட்ட சண்டை, உன் மாமனார் வீட்டு ஒப்பாரி எல்லாம் எந்த மொழியில்? அதை ஒரு பேனாவால் அடித்து வேறு எழுதிவிடலாமாம். ஒருத்தர் பெயரை மாற்றச் சொன்னால்கூட ஏன் என்று கேட்பார்கள். பெற்றவளின் பேச்சை மாற்றச் சொன்னால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற காரியமாம்.

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம். வழியில் மலர் எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். "என்னடி?" என்று கேட்டதற்கு, "கொத்தில்ல அத்தை" என்றாள். தெரியலை என்பதைக் கன்னடத்தில் சொல்கிறாள். அழுகை முட்டினால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வருகிறது, அதை நான் கவனித்திருக்கிறேன்.

நீ அங்கே பட்டது நினைவிருக்கிறதா? ஆறாம் வகுப்பில் மூன்றாவது மொழி எது என்று கேட்டு ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். இந்திக்குப் பதிலாகத் தமிழ் வைக்க முடியுமா என்று நீ கேட்கப் போனாய். ஒரு வகுப்புக்கு ஆகிற அளவு பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டி வா, அப்புறம் ஆசிரியர் போடுவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். நீயும் விடவில்லை. நம் பக்கத்திலிருந்து போய்க் கட்டட வேலை பார்க்கிறவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினாய். தமிழ் படித்து இங்கே என்ன செய்யப் போகிறான், இந்தியே இருக்கட்டும் என்று எல்லாரும் கையை விரித்தார்கள். அன்றைக்குப் போனில் நீ திட்டிய திட்டு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அக்கா, நம்ம ஆளுங்களுக்கு ஊருக்குத் திரும்பி வருவோம்னு நெனப்பே இல்லக்கா" என்றாய். நீ திரும்பி வந்துவிட்டாய், பாவி. இப்படி வருவாய் என்று யார் கண்டது?

அங்கே தமிழ் கேட்டால் ஆள் சேர்த்து வா என்கிறார்கள். இங்கே தமிழ் கேட்டால் உனக்குத் தமிழ் தெரியாதே என்கிறார்கள். நடுவில் ஒரு பிள்ளை நிற்கிறது என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததும் சண்டை வெடித்தது. சுமதி கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாள்.

"அவரு போயிட்டாரு அண்ணி. இன்னமும் மானம் ரோசம்னு பாத்துக்கிட்டிருந்தா புள்ள படிப்பு நாசமாப் போயிடும். கன்னடம்னு எழுதினா என்ன, தெலுங்குன்னு எழுதினா என்ன?"

"உம் புருசன் கேட்டா நாக்கப் புடுங்கிக்கிட்டு நிப்பான்டி."

"நீங்க பேசுவீங்க. பத்தாவது பெயிலாயி நின்னா, எங்கூடப் புளி தட்ட வரப் போறது அவதானே? உங்க மானமா வரும்?"

ஊர் வாயை எல்லாம் அடக்குகிற உன் அக்கா அன்றைக்கு வாயடைத்து நின்றாள் என்று தெரிந்தால் நீ கைகொட்டிச் சிரித்திருப்பாய். அவள் சொன்னதில் என்ன தப்பு? புளி தட்டித் தட்டி அவள் விரல் நுனி எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. மகளுக்கும் அது வேண்டாம் என்று நினைக்கிற தாயிடம் போய் நான் ரோசம் பேசுகிறேன்.

மறுநாள் கடையில் தைக்க ஓடவில்லை. பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிற மாதம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். மாதம்மா வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். எந்தக் காலத்திலோ இந்தப் பக்கம் வந்த குடும்பம், உனக்குத்தான் தெரியுமே. பூ கட்டிக்கொண்டே கேட்டவள், கடைசியில் நாரைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னாக்கா கூத்து இது? எம் பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கறா. கன்னடம் ஒரு பாடமா வெப்பீங்களான்னு போயிக் கேட்டேன். டீச்சரு இல்ல, அதெல்லாம் எதுக்கு, மத்தவங்க மாதிரி படிக்கட்டும்னுட்டாங்க. நெசமாக் கன்னடம் பேசறவ புள்ளைக்குக் கன்னடம் கெடையாது. தமிழ்க்காரன் புள்ளைய மட்டும் கன்னடம்னு எழுதுன்னா என்னா நாயம்?"

அவள் மகள் தமிழில் நல்ல மார்க் எடுக்கிறாள், அதில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் மாமியார் கன்னடத்தில் எழுதி வைத்துவிட்டுப் போன சாமி பாட்டை அந்த வீட்டில் படிக்க இனி ஆள் இல்லை என்றாள். சொல்லிவிட்டுப் பூ கட்டப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. பேசுகிறவளுக்குக் கொடுக்க ஆசிரியர் இல்லாத மொழி, பரீட்சையிலிருந்து தப்பிக்க மட்டும் எங்கிருந்து முளைக்கிறது?

இவ்வளவு கத்தினோமே, மலரிடம் யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை, அவள் அம்மாவும் கேட்கவில்லை. அவளாகவே சாயங்காலம் கடைக்கு வந்து, நான் பட்டன் வைத்துக்கொண்டிருந்த மேஜை முன்னால் நின்றாள்.

"அத்தை, எனக்குக் கன்னடம் இஷ்டம். கிளாஸ்ல நாந்தான் பஸ்ட். கதையெல்லாம் எழுதியிருக்கேன். நீங்க கன்னடத்தக் கேவலமாப் பேசறது எனக்குப் பிடிக்கல."

"நான் எங்கடி கேவலமாப் பேசினேன்?"

"நேத்து அம்மாகிட்ட பேசினீங்க."

பேசியிருப்பேன், தம்பி. கோபத்தில் வாய் எங்கே போகிறது என்று எனக்கு எப்போதுதான் தெரிந்தது?

"ஆனா அப்பா மொழி கன்னடம்னு எழுத மாட்டேன். நானும் அப்பாவும் சண்டை போட்டதெல்லாம் தமிழ்லதான். எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது, அவ்ளோதான். தெரியாதத ஸ்கூல்ல கத்துக் குடுப்பாங்கதானே?"

அவள் கேட்டது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு பள்ளிக்கூடம் பதில் சொல்லவில்லை, ஒரு மாநிலம் பதில் சொல்லவில்லை, நீயும் நானும்கூடச் சொல்லவில்லை. மூன்று மொழி எழுதத் தெரிந்த பிள்ளை அது. எங்கே போனாலும் எழுத வராத நாலாவதைத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு உன்னை நினைத்து அழுகை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் பிணத்தைப் பார்த்தபோதுகூட அப்படி அழவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். மகளே மாட்டேன் என்றுவிட்டதால் சுமதியும் விட்டுக்கொடுத்துக் கூட வந்தாள். தாய்மொழி தமிழ்தான், விலக்கெல்லாம் வேண்டாம், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"சரிங்க. புள்ள தமிழ்ல பெயிலானா பள்ளிக்கூடம் பொறுப்பில்லைன்னு எழுதிக் குடுங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாடம் வராவிட்டால் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை என்றால் வேறு யார் பொறுப்பு, பொம்மிடி ஸ்டேஷன் மாஸ்டரா? கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் மலர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் எழுதறேன் மிஸ்" என்றாள்.

எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து, உதட்டை அசைத்து, கை வியர்க்க எழுதினாள். கோடு போடாத தாள், வரிகள் கீழே கீழே இறங்கிப் போயின. வெளியே ஒரு வகுப்புப் பிள்ளைகள் கத்திப் படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா மணியைப் பார்க்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தாள். தப்பும் தவறுமாக இருந்தது. தப்பை நீக்கிச் சொன்னால் இதுதான்: என் பெயர் மலர்விழி. என் அப்பா சேகர். எங்கள் மொழி தமிழ். எனக்குக் கன்னடம் நன்றாக எழுத வரும். தமிழ் எழுத வராது. சொல்லிக் கொடுங்கள்.

தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "நான் கேட்டது இது இல்லையேம்மா" என்றார்.

"இதக் கேட்டுத்தாங்க வந்திருக்கோம்" என்றேன்.

"தப்பு இருந்தா சொல்லுங்க மிஸ். திருத்தி எழுதறேன்" என்றாள் உன் மகள்.

அந்த அம்மா மேஜையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு தப்பாகச் சுழித்து, பக்கத்திலேயே சரியாக எழுதிக்காட்டத் தொடங்கினார். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார். மலர் எழுந்து அவர் நாற்காலி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பள்ளி முடிந்தபின் தனியாக ஒரு மணி நேரம் தமிழ் என்றார்கள், பாதி நாள் நடக்கிறது, பாதி நாள் டீச்சர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். முதல் தேர்வில் தேறவில்லை. ஓசூர்ப் பக்கம், பெங்களூர்ப் பக்கம் போய்த் திரும்பி வருகிற இன்னும் எத்தனை பிள்ளைகள் "பேப்பர்லதானே" என்பதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ?

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். பெற்றோர் கூட்டம் நடக்கிற ஒவ்வொரு முறையும் கடையைப் பூட்டிவிட்டு நான் போவேன். மலருக்குத் தமிழ் எங்கே என்று கேட்பேன். மாதம்மா மகளுக்குக் கன்னடம் எங்கே என்றும் கேட்பேன், மாதம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். நான் வருகிறேன் என்றாலே அவர்கள் தலையில் கை வைக்கட்டும். உன் மகள் பத்தாவதில் தமிழ் எழுதத்தான் போகிறாள். பெயிலானால் உன் மகளாகவே பெயிலாகிறாள், உன் மகளாகவே மறுபடி எழுதுகிறாள். பாஸ் பண்ணுகிறவரைக்கும் நான் பரீட்சை ஹால் வாசலில் நிற்கிறேன்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள், உன் மகளுக்காக ஊர்ச் சண்டை வாங்குகிறவள்,
உன் அக்கா ராஜேஸ்வரி