மடிப்புக் கலையாத துண்டு

ராயபுரம்
9-8-1971

மூன்று வாரமாக இந்தப் பக்கமே வராத அண்ணனுக்கு,

உன் மாப்பிள்ளைக்கு இடது கண் இன்னும் தெரியவில்லை. கை நடுங்குவதால் கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். குத்துச்சண்டை ரிங்கில் அவரைக் குத்திச் சாய்த்த ரெமிஜியுஸ்கூட ஆரஞ்சு வாங்கி வந்து அழுதுவிட்டுப் போனான். ரிங் ஓரத்தில் அவருக்குத் துணையாக நின்ற நீ மட்டும் வரவில்லை.

நேற்று அவருடைய பையைத் துவைக்கப் பிரித்தேன். அவரால் தாங்க முடியாமல் போனால் ரிங்குக்குள் வீசி ஆட்டத்தை நிறுத்தத்தான் அந்த வெள்ளைத் துண்டை உன்னிடம் கொடுத்தேன். நான் இஸ்திரி போட்ட மடிப்புக்கூடக் கலையாமல் அடியில் கிடக்கிறது. ஏன் எடுக்கவில்லை? முந்தின நாள் ரெமிஜியுஸின் ஆட்களோடு நீ டீ குடித்ததைப் பக்கத்து வீட்டு எல்சி பார்த்திருக்கிறாள். அப்படி என்ன பேசினீர்கள்?

ஐந்தாவது ரவுண்டில் அவர் முட்டி போட்டு விழுந்தபோது உன் கை பைக்குள் போனது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பிறகு கையை எடுத்துக்கொண்டாய்.

என்னைத்தானே பார்த்தாய்?

கொட்டகையே "வுடாத, குத்து!" என்று கத்திக்கொண்டிருந்தது. நான் பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தேன். அப்புறம் இரண்டு நாள் எனக்குக் குரலே வரவில்லை.

அவர் தினமும் கேட்கிறார்: "பெஞ்சு மேல நின்னுகினு இன்னாமோ கத்துனியே, இன்னா அது?"

"போதும், நிறுத்துங்க" என்று கத்தியதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வா. கேட்டால் நீயும் அதையே சொல். துண்டைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன்.

உன் தங்கை