ஆளில்லாத ஓடுபாதை

உன் மடிக்கணினியை உன் தங்கச்சி இன்று காலை என் கணினி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தாள். மின்சாரம் கொடுத்ததும் உள்ளேயிருந்த காற்றாடி கரகரவென்று சுற்றி, ஈரமும் தூசியும் சேர்ந்து சூடாகும் அந்த வாசனையை என் மூஞ்சியில் அடித்தது. பாழாய்ப்போன வாசனை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இந்தப் பெட்டி மட்டும் இன்னும் மூச்சு விடுகிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

"அண்ணனுக்குத் திவசம் வருதுங்கண்ணே. படையல் போடுறோம். அம்மாவுக்கும் சேத்தே போட்டுடலாம்னு பெரியப்பா சொல்றாரு. அண்ணன் உங்கக்கிட்டதான் எல்லாம் பேசும். நீங்க சொல்லுங்க, போடவா?"

சாயங்காலம் வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாயே.

தலவாக்கலை டவுனில் இருக்கும் இந்தக் கடைக்கு நீ முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறது. தேயிலைத் தூள் ஒட்டிய சட்டையோடு தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருந்தாய். கையில் யாரோ கழித்துக்கட்டிய இந்த மடிக்கணினி. "இதுல பிளேன் ஓட்டுற கேம் ஓடணும்ண்ணே" என்றாய். கடிதம் டைப் அடிக்கவே இதற்கு மூச்சு வாங்கும், பிளேன் கேட்கிறதா என்று கிண்டலடித்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாய். உன் அம்மா வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனவர். கொஞ்ச காலம் போன் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. கேட்காத இடமில்லை, எங்கேயும் பதிலில்லை. "தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் கருமாதி பண்ணிடுன்றாங்க. அம்மா எறங்குன எடத்த ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். நெசத்துல போக நமக்கு எங்க முடியும்?"

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆனாலும் பெட்டியை வாங்கி அந்த விளையாட்டை ஏற்றினேன்.

திரையில், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஏறி, கடல்மேல் போகும்வரை விமானம் நன்றாகவே பறந்தது. வெறும் தண்ணீர்தானே, வரைய ஒன்றுமில்லை. கரை தெரிந்து நகரம் வரும்போது பெட்டி திணறும். படம் அப்படியே நின்றுவிடும், எஞ்சின் சத்தம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டடம் கட்டடமாக வரைய அதற்குத் தெம்பில்லை. "கொறச்சுப் பாப்போம்ண்ணே" என்பாய். திரையின் துல்லியத்தைக் குறைத்தேன். நிழல்களை எடுத்தேன், மேகங்களை எடுத்தேன். மரங்கள், வாகனங்கள், மற்ற விமானங்கள் எல்லாம் போயின. ஒவ்வொன்று போகும்போதும் உன் விமானம் கொஞ்சம் கூடுதல் தூரம் போனது. கடைசியில் கட்டடங்களையும் எடுத்தேன்.

அப்போதும் சூடாகித் திணறியது. நீ எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாய். பிற்பகல் பனிமூட்டம் உள்ளே வந்து மேசைமேல் படுத்துக்கொண்டது. இந்த மலையில் இருப்பவனுக்குத்தான் இப்படியொரு யோசனை வரும். ஈரம் இறங்கினால் உள்ளே எல்லாம் கருகிவிடும் என்று கத்தினேன். "நாங்களும் இந்த ஈரத்துலதாண்ணே ஓடுறோம்" என்றாய். சொன்னால் நம்பமாட்டார்கள், பெட்டி குளிர்ந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. திரையிலும் வெள்ளை, கடைக்குள்ளும் வெள்ளை. உன் முகம் சரியாகத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று சத்தத்தையும் நிறுத்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "சத்தம் மட்டும் இருக்கட்டும்ண்ணே. அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரியணும்."

அன்றைக்குத் தரையிறக்கிவிட்டாய். சுற்றிலும் ஒன்றும் இல்லை. கட்டடமில்லை, விளக்கில்லை, வெறும் மண்தரையில் கறுப்பாக ஒரு ஓடுபாதை. ஆளே இல்லாத அந்த இடத்திலிருந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் உன் விமான எண்ணைச் சொல்லி, ஓடுபாதையை விட்டு விலகு என்றது. நீ நகரவில்லை. மறுபடி எண்ணைக் கூப்பிட்டது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். நீயோ, தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது நிமிர்ந்து நிற்பதுபோல் நிமிர்ந்து, "வந்துட்டோம்ங்க" என்றாய். அது நிற்கவில்லை. அது கூப்பிடக் கூப்பிட நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

பிறகு என் பக்கம் திரும்பினாய். "ஒருத்தரயும் காணோம். ஆனா கூப்புடுறாங்கல்ல? அம்மா பேர வெட்டியிருந்தா கூப்புட மாட்டாங்கண்ணே."

நீ இருந்தவரை அம்மாவுக்குக் கருமாதி நடக்கவில்லை. கடைசியில் காய்ச்சலில் படுத்தபோதும் யாரையும் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லையாம்.

சாயங்காலம் உன் தங்கச்சி வந்தபோது, நீ சேமித்து வைத்திருந்த அந்தப் பயணத்தைத் திறந்தேன். விமானம் அதே ஓடுபாதையில், நீ விட்ட இடத்திலேயே நின்றது. வெளியே பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"யாருண்ணே கூப்புடுறது?" என்று அவள் என் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அது ஒரு விளையாட்டு, அதற்குள் பதிந்து வைத்த குரல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணனுக்கு மட்டும் படையல் போடும்மா" என்றுதான் வந்தது. "அம்மாவுக்கு வேணாம். பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகும் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. உனக்குப் பதிலாக, உன்னைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து, "வந்துட்டோம்ங்க" என்றேன். நீ எத்தனை தடவை சொல்லியும் ஓயாத குரல், என் ஒரு சொல்லுக்கு ஓய்ந்துவிட்டது.

பெட்டியை நான் அணைக்கவில்லை. சத்தத்தையும் குறைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் பதில் சொல்ல இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டுமே.