கூடத்தில் ஓடும் எஞ்சின்

ஜூன் 2

கூடத்துச் சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளியாயிற்று. இனி அங்கே நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். சோபா இருந்த இடத்தில் இரும்புத் தாங்கி. அதன்மேல் கண்ணாடிக்காரரும் ஆட்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி வைத்த கடல்மீன் தொட்டி. நான் கைகால் நீட்டிப் படுத்தாலும் உள்ளே இடம் மிஞ்சும்.

"மீன் வளக்கப் போறீங்களா, நீங்களே குடியேறப் போறீங்களா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ரசமட்டத்தை வைத்துத் தாங்கி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் எஞ்சின் அறையிலேயே ஆயுசைக் கழித்த மனுஷர். ஓய்வு பெற்று இந்த வருஷம்தான் வீட்டோடு வந்தார். கடல் ஒழிந்தது என்று நினைத்தேன். இப்போது சக்களத்திக்கு நானே சோபாவை நகர்த்தி இடம் விட்டிருக்கிறேன்.

ஜூன் 5

இவர் தூங்குவதில்லை. வந்த நாளிலிருந்தே இப்படித்தான். புரள்கிறார், எழுந்து நடக்கிறார், கேட்டால் "ஒண்ணுமில்ல, நீ தூங்கு." டாக்டர் கொடுத்த மாத்திரை காலையில் பல் துலக்கும்போதுதான் வேலை செய்கிறது.

இன்று கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பேசினாராம். ஆள் பற்றவில்லை, கடைசியாக ஒரே ஒரு தடவை, ஆறு மாதம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "கப்பல்லயாவது தூங்குவேன்" என்றார், குழாயை அறுத்துக்கொண்டே.

கல்யாணமானதிலிருந்து போகிற தேதியை இவர் சொல்வார், நான் பெட்டி அடுக்குவேன். ஒரு தடவைகூட போகாதீங்க என்று சொன்னதில்லை. சொன்னால் மட்டும் நடந்துவிடுமா?

போகக் கூடாது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9

தொட்டியில் வழிகிற தண்ணீர் பின்பக்கக் குழாயில் இறங்கி, கீழ் அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வருமாம். அதற்கு சம்ப் என்று பெயர். அங்கே அழுக்கு நுரையாகப் பிரிய, சூடு சரியாக, பம்ப் மறுபடி மேலே ஏற்றுமாம். பம்ப் இரண்டு, ஹீட்டர் இரண்டு. "ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடணும்" என்கிறார். பெண்டாட்டி ஒன்றுதான் என்பதை ஞாபகப்படுத்தினேன்.

ஜூன் 12

துணி துவைக்கும் இடத்தில் பெரிய டிரம். அதில் சுத்திகரித்த தண்ணீரும் உப்பும். கலக்குவதற்கு எங்கிருந்தோ ஒரு பழைய பம்ப். கடகடவென்று உதறுகிற உதறலில் சோப்புப் பெட்டி தானாக நடந்து கீழே விழுந்தது.

சாயங்காலம் தண்ணீர் ஏற்றினார். அடி மணல் கிளம்பித் தொட்டி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கப் போகாமல் அதன் எதிரே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் வெண்மை, மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 14

மணல் அடங்கிவிட்டது. கற்கள் தெரிகின்றன. தொட்டி விளக்குக்கு நேரம் வைத்திருக்கிறார்: நண்பகலில் விடியும், சாயங்காலம் உச்சிவெயில், நாங்கள் படுக்கும்போது நிலா. முன்பெல்லாம் இவர் போனில் "இங்க இப்பதான் விடியுது" என்பார், நான் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பேன். இப்போது அந்த வேறு நேரம் எங்கள் கூடத்திலேயே இருக்கிறது. நீல வெளிச்சத்தில் என் கை யாருடையதோ மாதிரி தெரிந்தது.

கனவில் சோபா மிதந்து போனது. நான் அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16

மீன் எப்போது என்று கேட்டேன். இன்னும் பல வாரம் ஆகுமாம். "தண்ணி பக்குவப்படணும். அவசரப்பட்டு விட்டா செத்துடும்." வெறும் தண்ணீரையும் கல்லையும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 18

இறங்குகிற குழாயின் வால்வைத் திருப்பித் திருப்பி, இன்று சத்தமே இல்லாமல் செய்துவிட்டார். "கேளு, ஏதாவது கேக்குதா?" என்று பெருமை. ஊசி விழுந்தால் கேட்கும். இனியாவது தூங்குவார்.

ஜூன் 19

தூங்கவில்லை.

ஜூன் 21

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். டிரம்முக்குப் பக்கத்தில், ஸ்டூலில், சுவரோடு சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மறுபடி உப்புத் தண்ணீர் கலக்கப் போட்ட பழைய பம்ப் கடகடத்துக்கொண்டிருந்தது. பாவம், இந்த இரைச்சலிலா தூங்குவது என்று பூனை மாதிரி போய் சுவிட்சை அணைத்தேன்.

அடுத்த நொடி எழுந்து நிற்கிறார். "எது நின்னுச்சு? எது நின்னுச்சு?" என்று கூடத்துக்கு ஓடினார். தொட்டிக் கண்ணாடியில் கை வைத்த பிறகுதான் வீடு என்று தெரிந்தது.

"நான்தான் நிறுத்தினேன். நீங்க தூங்கணும்னு."

மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "எஞ்சின் ஓடற வரைக்கும்தான் தூங்குவோம். நின்னா முழிச்சுக்குவோம். நின்னா ஏதோ ஆபத்து."

"இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா சிரிப்பியே."

சிரித்திருப்பேன்தான். இன்று நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் தூசி தட்டி, சத்தமில்லாமல், கதவைக்கூட மெல்லச் சாத்தி இவருக்காக வைத்திருந்த வீடு, இவருக்கு நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன கப்பல்.

ஜூன் 22

இவர் குளிக்கும்போது வால்வைத் திறக்கிற பக்கம் கொஞ்சம் திருப்பினேன். மூடுகிற பக்கம் திருப்பினால் கூடம் முழுகும் என்று ஏற்கெனவே பயமுறுத்தி வைத்திருக்கிறார். குழாய் காற்றை உறிஞ்சிக் களகளவென்று பேச ஆரம்பித்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் நின்றார். வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய பம்பைக் கழுவிக் கொண்டுவந்து சம்ப்புக்குள் இறக்கினார். பிறகு படுக்கையறைக்குப் போய்த் தலையணையைக் கூடத்துக்கு எடுத்து வந்தார். தன்னுடையதை மட்டுமல்ல, என்னுடையதையும்.

ஜூன் 23

எட்டு மணியாகியும் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

ஜூன் 27

ஏஜென்ட் மறுபடி. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீ என்ன சொல்றே?"

முதல் தடவையாகக் கேட்கிறார். நான் "உங்க இஷ்டம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் பழகிவிட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூன் 28

துணி உலர்த்தும்போது சொல்லிவிட்டேன். "போகாதீங்க."

"ஏன்?"

"ஏன்னா எனக்கு நீங்க வேணும். மீனுக்காகச் சொல்லல."

வாளியிலிருந்து கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். துணி தீர்ந்த பிறகும் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள். புது வீடு, ஜன்னலைச் சாத்தினால் தெருச் சத்தமே வராது என்று பெருமைப்படுகிறாள். மதியம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"என்ன பண்றீங்க?"

"கோமாளி மீன் ரெண்டும் சாப்பிடறதப் பாத்துட்டிருக்கேன். நீ தூங்கலயா?"

"இங்க ஒரே அமைதியா இருக்குங்க."

போனில் அவர் நடக்கிற செருப்புச் சத்தம், அலமாரிக் கதவு திறக்கிற சத்தம். பிறகு கடகடவென்று அந்தப் பம்ப், அதன் பின்னால் களகளவென்று தண்ணீர். போனைத் தலையணைமேல் வைத்துக்கொண்டேன்.

விழித்தபோது அறை இருட்டத் தொடங்கியிருந்தது. போன் காதருகில் சூடாகக் கிடந்தது. அவர் இன்னும் வைக்கவில்லை.