ஷிஜா மேடையில்தான் நிற்பாள்

அன்பு மகள் செல்வமணிக்கு, அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், உன் தங்கை ஷிஜாவும் சுகம். நீ மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, டூட்டியில் கால்வலி இல்லாமல் இருக்க ஆற்றுக்கால் அம்மை துணை நிற்கட்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், ஒன்றும் முடிவாகாது, அதனால்தான் கடிதம்.

சாலைக் கடைத்தெருவில் மழை விட்டபாடில்லை, அப்பா வேலை பார்க்கும் இரும்புக் கடை வாசலெல்லாம் தண்ணீர், ஆனாலும் மனுஷன் லீவு போடவில்லை. ஷிஜா மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள், ஸ்வப்னா டீச்சர் அவளைப் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். பிறவியிலேயே குறைப்பட்ட இதயம், வேறு இதயம் கிடைக்கும்வரை நெஞ்சுக்குள் வைத்த பம்புதான் இரத்தத்தை ஓட்டுகிறது. வயிற்றிலிருந்து வரும் வயரும் தோளில் தொங்கும் பேட்டரிப் பையும் அவளுக்குப் பழகிவிட்டன. மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். முன்பு அதற்கும் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை.

இப்போது உன் தங்கபாய் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வள்ளியூரிலிருந்து வந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் நோயாளி கையைப் பிடித்து நாடி பார்க்காமல் உட்காரமாட்டாள், உனக்குத் தெரியும். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஷிஜா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை மணிக்கட்டைப் பிடித்தாள், துடிப்பில்லை, மற்ற கையைப் பிடித்தாள், அதிலும் இல்லை. அவ்வளவுதான், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது, எதிர்க்கடைக்காரர் ஷட்டரையே பாதி இறக்கிவிட்டார். நான் கரண்டியோடு ஓடிவந்தால் ஷிஜா எழுந்து உட்கார்ந்து, அத்தே எதுக்கு இப்படி அழுறீய, யாரு செத்துப்போனா என்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பம்பு நிற்காமல் ஓட்டுவதால் நாடி கைக்குத் தட்டுப்படாது என்று நான் விளக்கினேன். அத்தைக்கு வெட்கம். வெட்கத்தை ஒத்துக்கொள்கிற பிறவியா அவள், ஊருக்குப் போனதும் நாடி விழுந்த பிள்ளையை மெஷின் வைத்து ஓட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அது நாகர்கோவிலில் உன்னைக் கட்டப்போகிற மாப்பிள்ளை பிரஜின் வீட்டு வாசல்வரை போய்விட்டது.

அதற்குத்தான் நீ முந்தாநாள் போனில் இழுத்து இழுத்துக் கேட்டாய், தாலி கட்டுகிற நேரம் மட்டும் ஷிஜா ரூமில் இருக்கட்டுமாம்மா, அவங்க அபசகுனம்ணு நினைக்காங்க என்று. செல்வமணி, எனக்கு நெஞ்சு எரிகிறது. அவர்கள் கேட்டதற்கல்ல, அவர்களுக்குத் தெரியாது. நீ நர்ஸ். நாடி ஏன் தெரியாது என்று எனக்குப் படம் வரைந்து காட்டியவளே நீதானே? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் மடியில் தலைவைத்து, அவ பிழைச்சா போதும்மா என்று நீ அழுத அழுகை எங்கே போனது? பிழைத்துவிட்டாள். பிழைத்த பிள்ளையை ரூமில் பூட்டச் சொல்கிறாயா?

முடியாது. தோழியாக உன் பின்னால் அவள்தான் நிற்பாள். உன் முகூர்த்தப் புடவை நிறத்திலேயே பட்டுத்துணி எடுத்து பேட்டரிக்குப் புதுப் பை தைக்கக் கொடுத்துவிட்டேன், ஒளிக்க இல்லை, எல்லோரும் பார்க்கத்தான். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது, மேடைக்குப் பக்கத்தில் பிளக் போட்டுத் தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அத்தைக்கும் பத்திரிகை வைத்தாயிற்று, முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் முணுமுணுத்தாலும் மைக்கை வாங்கி நானே பேசுவேன், உன் அப்பா தடுத்தாலும் நிறுத்தமாட்டேன்.

இதையும் கேட்டுக்கொள். தாரை வார்க்கும்போது அப்பா கைமேல் தண்ணீர் ஊற்றவேண்டியவள் நான். அவள் நிற்காத மேடையில் நான் ஏறமாட்டேன்.

ஷிஜாவுக்கு இதொன்றும் தெரியாது. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு தினமும் கூடத்தில் நடந்து பழகுகிறாள், அக்காவை முந்திவிடக் கூடாதாம்.

நீ தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இருக்கவேண்டும் மக்களே. வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி. பிரஜினிடம் நீயே பேசு. அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சொல்லாதே, என் தங்கச்சி என் பக்கத்தில் நிற்கணும் என்று சொல்.

உன் அம்மா,
விஜயம்