தாரை வார்க்கிற கை

ஆடி 6, திங்கள்

கச்சான் காத்து. வாயெல்லாம் மண். தோணி ஓட்டை அடைக்கணும், அடைக்கல்ல.

காலையிலயே தங்கச்சி (தங்.) வாசலில நிண்டு கத்தல். அவட மகள் வசந்திக்கு ஆவணியில கலியாணம். சுனாமியில தகப்பனைக் கடல் கொண்டு போயிற்று. அப்ப தாரை வார்க்கிறது தாய்மாமன், நான். வேற ஆருக்கு அந்த உரிமை? அவள் சொல்றாள்: "அண்ணன், குடிச்ச கையால என்ட புள்ளையைக் குடுக்க விடமாட்டன். அந்தக் கூட்டத்துக்குப் போங்க. இல்லாட்டி வெல்லாவெளிப் பெரியப்பாட மகனைக் கூப்பிடுவன்."

அவனா! வயல் வட்டைக்குத் தண்ணி பாய்ச்சத்தான் அவனுக்குத் தெரியும். மணவறையை வெள்ளத்தில விடுவான்.

கூட்டம் எண்டது, குடியை விட்ட ஆக்கள் கூடிக் கதைக்கிறதாம். தன்னாமுனை, புதன், பி.ப. 4. கதைச்சுக் குடியை விட்டவன் உலகத்தில ஆர்? நானெண்டால் நினைச்ச நிமிஷத்தில விடுவன். பத்துத்தரம் விட்டிருக்கன்.

ஆடி 8, புதன்

திங்கள் பின்னேரத்தில இருந்து தொடல்ல. நேத்துப் பௌர்ணமி, சட்டப்படி சாராயத் தவறணை பூட்டு. அதையும் சேர்த்துத்தான். தாரை வார்த்துப் பழகவேணும். செம்பால கிளாசுக்குள்ள தண்ணி ஊத்திப் பார்த்தன். பாதி காலில.

தன்னாமுனையில பஸ்ஸால இறங்கினன். எப்பிடிக் கேக்கிறது? "குடிகாரன்மாரின்ட கூட்டம் எங்க மனே?" எண்டா? வாவியில என்னைத் தெரியாத மீனில்ல, மனிசரைச் சொல்லவேணுமா. "கூட்டம் எங்க?" எண்டு மட்டும் கடைக்காரனிட்டக் கேட்டன். கையை நீட்டினான்.

மண்டபம். கதிரை, பெனர், பெயர் எழுதுற கொப்பி. கடல் வந்த பிறகு கதிரை போட்ட கூட்டமெல்லாம் இந்தப் பக்கம் ஒண்டுதான்: பெயரைக் குடு, இழந்ததைச் சொல்லு, சாமானை எடு. வாய் தானாத் திறந்திற்று. ரெண்டு தோணி போனது (போனது ஒண்டு). ஏழு பேரை நான் தூக்கிக் கரை சேர்த்தது. மச்சான், வசந்திட தகப்பன், எஞ்சினை எடுக்கத் திரும்பி ஓடினது, நான் கையைப் பிடிச்சும் அலை பறிச்சது. பெண்டுகள் அழுதாளுகள். மறுகா ஒரு பெட்டை கேட்டாள்: "ஐயா, எத்தினை கோழி வளர்க்கிறீங்க?"

கோழி வளர்ப்புக் கூட்டம்! அரை மணித்தியாலம் என்ட கதையைக் கேட்டுப்போட்டு! ஆறு குஞ்சு தருவாளாம்.

கடைக்காரனைப் பிடிச்சு ஏசினன். அவன் சிரிக்கிறான்: "அதுவோ? பின்னால, பள்ளிக்கூட அறையில ஐயா. முகத்தைப் பார்த்த உடன அங்கதான் அனுப்ப நினைச்சன். கோவிப்பீங்க எண்டு விட்டிட்டன்."

போய்ப் பார்த்தன். முடிஞ்சு பூட்டு.

ஆடி 13, திங்கள்

சனி குடிச்சன். அரைப் போத்தல். கோழிக் கூட்டத்து ஆத்திரம்.

தங். வாயை மணந்து பிடிச்சிற்றாள். வெல்லாவெளிக்குப் போன் எடுத்திற்றாளாம். அவன் புது வேட்டி வாங்கிற்றானாம். எரியுது.

ஆடி 15, புதன்

நேரா அறைக்குப் போனன். ஆறு பேர். பஸ் கொண்டக்டர் ஒருத்தன், மேசன் ஒருத்தன், மற்றவங்களை ஞாபகமில்ல. பெனர் இல்ல, கொப்பி இல்ல. பெயர் எழுதாத கூட்டத்தை இப்பதான் கண்டன். "என்ன தருவீங்க?" எண்டு கேட்டன். "தேத்தண்ணி" எண்டான் மேசன். சீனியும் காணாது.

என்ட முறை. ஏழு பேர் கதையை எடுத்தன். என்னைப்போலச் சொல்ல ஆருக்கும் வராது. ஒருத்தனும் அழல்ல. மேசன் கேட்டான்: "அண்ணன், அண்டைக்கு நீங்க குடிவெறியிலயா இருந்த?"

அறைஞ்சிருப்பன். எழும்பியும் போட்டன். வாய் ஓம் எண்டிற்று.

முதல் நாள் நத்தார்ப் பெருநாளுக்கு வாங்கின சாராயம். விடியுமட்டும் குடி. ஊரே ஓடேக்க நான் குடிலுக்குள்ள பிணம் போல. மச்சான் திரும்பினது எஞ்சினுக்கில்ல. எனக்கு. காலைப் பிடிச்சு இழுத்து எழுப்பி, முன்னால தள்ளி, "ஓடு" எண்டான். ஓடினன். பின்னால கிறுகிப் பார்க்கல்ல.

கரை சேர்த்த ஏழு பேரும் இல்ல. ஒருத்தரும் இல்ல.

கொண்டக்டர் தேத்தண்ணியை இன்னொருக்கா ஊத்தினான். "அடுத்த புதனும் வாங்க அண்ணன்." அவ்வளவுதான். இதுக்கா பஸ் ஏறிப் போனன்?

ஆடி 16, வியாழன்

காத்து நிண்டிற்று. புழுக்கம். நித்திரை இல்ல.

ஆறு பேர் கேட்ட கதை எத்தினை நாளைக்கு நிக்கும்? வேற ஆரும் சொல்லமுன்னம் நானே சொல்லுவம் எண்டு தங். வீட்ட போனன். வசந்தி கிணத்தடியில மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னன். முழுசா.

"தெரியும் மாமா."

"ஆர் சொன்ன?"

"நானும் அம்மாவும் அப்பாவோடதானே ஓடினம். 'உன்ட அண்ணனை எழுப்பிற்று வாறன், நில்லாதீங்க' எண்டுதான் அப்பா கிறுகினவர்."

அஞ்சு வருஷம்! திவசத்துக்குத் திவசம் இந்த வீட்டில ஏழு பேரைக் கரை சேர்த்திருக்கன். சோத்தைப் போட்டுப்போட்டுக் கேட்டுக்கொண்டு இருந்திருக்காளுகள்! ஒருத்தியாவது "நிப்பாட்டுங்க" எண்டு சொல்லல்ல. தங்.ஐக் கூப்பிட்டுக் கத்தினன். "ஏன்டி சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பார்த்தன்." உள்ள போனவள் செம்போட வந்தாள். "ஊத்துங்க, பார்ப்பம்."

வசந்தி கையை நீட்டினாள். கழுவவும் இல்ல, கை நிறையச் செதில். ஊத்தினன். பாதி நிலத்தில.

"வெல்லாவெளிக்காரனுக்கு என்ன சொல்லப்போறாய்?" எண்டு தங்கச்சியிட்டக் கேட்டன்.

"புதன் கூட்டத்துக்குப் போயிற்று வாங்க. சொல்லுறன்."