நீலக் கட்டம் போட்ட சட்டை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுத வேண்டும்தான், கை வரவில்லை, இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ நாலு யோசனை சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. அப்பா போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாயே, கொஞ்ச நாள் கடல் பக்கம் வந்து இரு என்று நீயும் எத்தனை தடவைதான் கூப்பிடுவாய். வர எனக்கும் ஆசைதான். மேனேஜரை எங்கே விடுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

உதிரிபாகக் கடையில் ஆயுசு முழுக்க மேனேஜருக்குப் பயந்து வேலை பார்த்த மனுஷன், ஓய்வு பெற்றதும் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார். "மேனேஜர், உக்காரு! மேனேஜர், வாயை மூடு!" என்று நாள் முழுக்க அதட்டல்தான். அந்தச் சந்தோஷம் அவருக்கு மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. குட்டி இன்னும் குட்டிதான். செருப்பைக் கடிக்கிறது, திரைச்சீலையை இழுக்கிறது. காலையில் அவர் பால் வாங்கித் திரும்பும் நேரமானால் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாசல் கதவடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் உன் சின்ன மாமாவிடம் கேட்டேன். "இதுக்குப் போய் ஏன்க்கா கவலைப்படற, பால்கனியில கட்டிப் போட்டுட்டுப் போ, நான் வந்து சோறு வைக்கிறேன்" என்றான். வீட்டில் இருக்கும் ஒரே தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கிறவன்! கீழ்வீட்டுக்காரர் நாய் என்ற பேச்சை எடுத்ததுமே தும்ம ஆரம்பித்துவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாய்களுக்கென்றே ஒரு பெரிய விடுதி இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் போனில் பார்த்துக்கொள்ளலாம், கேமரா வைத்திருக்கிறோம் என்று அங்கிருந்த பெண் பெருமையாகச் சொன்னாள். உள்ளே போனால் வரிசையாகக் கூண்டுகள். எல்லா நாயும் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை, பெண்ணே. இதைப் போனில் வேறு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கிளம்பி வந்துவிட்டேன்.

கடைசியில் நாய் டாக்டர்தான் வழி காட்டினார். அவரிடம் முன்பு உதவிக்கு இருந்த ஒரு பெண், தன் வீட்டிலேயே இரண்டு மூன்று நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். கூண்டு கிடையாது. ஊருக்குப் போகுமுன் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள் என்றாள். விட்டேன். விடிந்ததும் போன். சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கதவடியில் கிடந்து முனகுகிறதாம். அது யாரோடு அதிகம் ஒட்டுதலாக இருக்கிறதோ அவர்கள் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவாருங்கள், அந்த வாசனைக்கு அடங்கிவிடும் என்றாள்.

என் நைட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் அதை முகர்ந்து பார்த்தது. தாண்டிப் போய்ப் பழையபடி கதவடியிலேயே படுத்துக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்! வேளாவேளைக்குச் சோறு போடுகிறவள் நான், அசிங்கத்தை அள்ளுகிறவள் நான். நன்றி கெட்ட ஜென்மமே என்று அங்கேயே திட்டிவிட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இதைப் பழக்கினது நீங்க இல்ல போலிருக்கே, சார் வெளியூரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. எல்லாம் முடிந்து நீ ஊருக்குத் திரும்புமுன், அப்பா துணிகளையெல்லாம் மெஷினில் போட்டுக் காயவைத்து, யாருக்காவது கொடுத்துவிடும்மா என்று பையில் கட்டி வைத்தாய். என் பாரத்தைக் குறைக்கத்தான் செய்தாய். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் உன் கண்ணில் படவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி வைத்திருந்தேன். வாசனை போய்விடுமோ என்று அடிக்கடி திறக்கக்கூட மாட்டேன். தலைக்கு வைக்கும் எண்ணெயும் வியர்வையும் கலந்த அப்பா வாசனை.

அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயணமே வேண்டாம் என்று உனக்குச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கத்திரிக்கோலை எடுத்தேன், காலர் எனக்கு, மீதி அதற்கு என்று. வாசனை காலரில்தானே அதிகம், அதை நான் வைத்துக்கொண்டால் குட்டிக்கு என்ன இருக்கும்? வெட்ட மனசு வரவில்லை. முழுசாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பையைப் பிரித்ததுமே மேனேஜர் எழுந்து நின்றுவிட்டது. சட்டைக்குள் மூக்கை நுழைத்து, சுற்றிச் சுற்றி வந்து, அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அன்று ராத்திரி கிண்ணத்தை வழித்து நக்கியதாம். காலையில் போய்ப் பார்த்தேன். சட்டையெல்லாம் எச்சில், ஒரு பொத்தானைக் காணோம். எடுத்து முகர்ந்தேன். நாய் வாசனை மட்டும்தான் வந்தது. நமக்குத்தான் தெரியாது, அதற்கு இன்னும் தெரியும் என்று அந்தப் பெண் சொன்னாள். கொடுத்துவைத்த நாய். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அழுதேன்.

ஆக, மேனேஜருக்கு இடம் கிடைத்துவிட்டது. சட்டையும் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் போட்ட தேதிக்கே வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடு, எனக்கு வழி தெரியாது. இதுவரை வழி கேட்கிற வேலையெல்லாம் அப்பாதானே பார்த்தார்.

நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

போன குளிருக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா தன் கம்பளிக் குல்லாவை அங்கேயே மறந்துவிட்டு வந்தார், நினைவிருக்கிறதா? அது இன்னும் அலமாரியில்தான் இருக்கும். ஏற்கெனவே துவைத்திருந்தால் என்னிடம் சொல்லாதே. துவைக்கவில்லை என்றால், நான் வரும்வரை அதை மெஷினில் போட்டுவிடாதே, கண்ணே.

உன்
அம்மா