இரும்பாயி வைத்தியச்சி ஆகிறாள்

செர்டாங்,
9 ஜூன் 2025

அன்புள்ள ஆட்டத் தலைவி மேனகாவுக்கு,

வாசுகி எழுதுவது. நலம்தானே? டைஸ் உருட்டி நாம் ஆடும் கதை விளையாட்டில் தன் பாத்திரத்தின் தொழிலை, அதான் கிளாஸை, மாற்ற நினைக்கிறவர் தலைவிக்குக் கைப்பட எழுதிக் கேட்க வேண்டும் என்று நம் மேசைக்குச் சட்டம் போட்ட மகராசி நீ. வாட்சாப் காலத்தில் என்னைத் தபால்தலைக்கு அலையவிட்டாய், நல்லா இரு!

விளையாட்டில் என் பாத்திரம் இரும்பாயி ஆறு வருஷமாகக் கேடயம் பிடிக்கிறாள். எட்டாவது லெவலும் வந்துவிட்டது. நாகக் குகைக்குள் போவதற்கு முன்பே அவளை வைத்தியச்சி ஆக்க வேண்டும். கடையில் லாரிக்காரன் கத்தினாலும், குடித்துவிட்டு ஒருவன் வந்து நின்றாலும், வீட்டில் எல்லாரும் "வாசுகி, நீ போய்ப் பேசு" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் முன்னால் நின்று அடி வாங்க வேண்டுமா? யாருக்காவது மருந்து போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறதடி.

உன்
வாசுகி

கூலிம்,
12 ஜூன் 2025

அன்புத் தோழி வாசுகிக்கு,

சுகமாகத்தான் இருந்தேன், உன் கண்டறியாத ஆசையைப் படிக்கும் வரைக்கும்!

இப்போது மாறினால் முதல் லெவலில் இருந்து தொடங்க வேண்டும். வைத்தியத்தில் எட்டாவது லெவலைத் தாண்டும் வரை வாளைத் தொடக் கூடாது. ஒரு தடவை உருவினாலும் வைத்தியம் அத்தோடு போச்சு. குகைக்குள் இருக்கிற நாகராசன் ஒரு கொத்துக் கொத்தினால் தாங்க மாட்டாய். செத்தவர் இந்தக் கதைக்குள் திரும்ப முடியாது, வேறு ஆளாகவும் வர முடியாது. திவாகரனும் அனந்தனும் நானும் உன் கடை மாடியில் விளையாட, நீ கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பாயா? குகை முடியட்டும், பிறகு மாறு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆனாலும் முடிவு உன்னுடையது. அனுமதி உண்டு.

கவலையோடு,
மேனகா

செர்டாங்,
16 ஜூன் 2025

மேனகா,

கோபிக்காதே. குகை முடிந்த பிறகு யாருக்கடி மருந்து வேண்டும்? அடிபடுகிற இடத்தில்தானே வைத்தியச்சிக்கு வேலை.

பயமாகத்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியை நம்பித்தான் நான் வாரத்தை ஓட்டுகிறேன், உனக்குத் தெரியாததா? இருந்தாலும் இப்போதே மாறுகிறேன். திவாகரனிடம் சொல்லிவிடு, மீ கோரெங் நூடுல்ஸ் நான் செய்கிறேன், அவன் வெறுங்கையோடு வந்தால் போதும்.

வாசுகி

கூலிம்,
23 ஜூன் 2025

வாசுகி கண்ணே,

நேற்று நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. பாம்பு படமெடுத்ததும் திவாகரனும் அனந்தனும் ஆறு வருஷப் பழக்கத்தில் உன் முதுகுக்குப் பின்னால் ஓடினார்களே! "அக்கா, முன்னால போங்கலா!" என்று திவாகரன் கத்த, "டேய், நான் இப்ப வைத்தியச்சிடா! நீ நில்லு, விழுந்தா நான் தூக்கிவிடுறேன்" என்றாய். ஒளிந்தே பழகியவன் முதல் தடவையாக முன்னால் போய் நின்றான்.

அவன் விழுந்தான், எழுப்பினாய். பிறகு அனந்தன் விழுந்தான். அப்போதுதான் பாம்பு உன் பக்கம் திரும்பியது. "வாளை எடுடி!" என்று நானே கத்திவிட்டேன். தலைவி சொல்லக் கூடாத பேச்சு. வாளை எடுத்தால் வைத்தியம் போகும், அனந்தன் செத்துப்போவான். நீ அவன் காயத்தில் வைத்த கையை எடுக்காமலே, பாம்பின் கொத்துக்குத் தப்ப டைஸை உருட்டினாய். வெறும் இரண்டுதான் விழுந்தது. அனந்தன் கண்ணைத் திறந்தான், இரும்பாயி சரிந்தாள்.

அவர்கள் இருவரும் நாகராசனை வீழ்த்தி உயிரோடு வெளியே வந்தார்கள். நீயோ தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, "சட்டம்னா சட்டம்தான், எனக்காக மாத்தாத" என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டாய். உன்னைப்போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. காரில் வரும்போது பெருமையில் அழுதேனடி.

சட்டத்தை மாற்றவில்லை. செத்தவர் அந்தக் கதைக்குள் வர முடியாது. அதனால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கதையையே குகையோடு முடித்துவிட்டோம். குகைக்கு அப்பால் வெள்ளிக் கோட்டை ஒன்று வைத்திருந்தேன், மாதக்கணக்காக வரைந்தது. போகட்டும். "அக்கா இல்லாம என்னா கோட்டைலா?" என்று முதலில் சொன்னவன் திவாகரன்தான்.

வரும் ஞாயிறு புதுக் கதை. எல்லாருக்கும் முதல் லெவல். நீ எந்த கிளாஸ் என்று மாடிக்கு வந்து சொல்.

உன்
மேனகா